ஏரி நிரம்பினால் மட்டும் போதுமா? தண்ணீர் சூடானால் உயிர்கள் ஏன் சின்னதாகின்றன? செம்பரம்பாக்கம் முதல் காசிமேடு வரை... முழு விளக்கம்!

மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு செம்பரம்பாக்கம் ஏரி என்றதும் இரண்டு எண்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று உயரம், 24 அடி. இன்னொன்று கொள்ளளவு, 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் "ஏரி எத்தனை அடியைத் தொட்டுச்சு?" என்று போனில் பார்ப்போம். கோடையில் "இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்போம்.

ஆனால், அந்தத் தண்ணீருக்குள் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, அவை எவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஏனென்றால், தண்ணீர் சூடாகச் சூடாக, அதில் வாழும் உயிர்களின் உடம்பு சிறியதாகும் போக்கு உலகின் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. உடம்பு சிறியதானால், அந்த ஏரியோ கடலோ செய்கிற வேலையும் மாறுகிறது.

ஏரி செய்யும் வேலையா? ஆமாம். பாசியைக் கட்டுக்குள் வைப்பது, கழிவை மக்கவைப்பது, கொசுப்புழுவைக் குறைப்பது, மீன் கொடுப்பது... இதெல்லாம் ஏரி சம்பளம் வாங்காமல் செய்யும் வேலைகள். இந்த வேலைகளுக்கும் உடல் அளவுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

உடம்பு சைஸ் ஏன் அவ்வளவு முக்கியம்?

ஒரு சின்ன கணக்கு. ஒரு விலங்கைவிட இன்னொரு விலங்கு 16 மடங்கு எடை அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 16 மடங்கு சாப்பாடு தேவைப்படுமா? இல்லை. சுமார் 8 மடங்கு இருந்தால் போதும்.

இதைக் கண்டுபிடித்தவர் மேக்ஸ் கிளைபர் என்ற ஆய்வாளர். 1932ல் பல விலங்குகளின் ஆற்றல் செலவை ஒப்பிட்டு இதை எழுதினார். உடம்பு பெரிதாகப் பெரிதாக, ஒரு கிராம் சதையைப் பராமரிக்க ஆகும் செலவு குறைந்துகொண்டே போகிறது. கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே அடுப்பில் சமைத்தால் ஆளுக்கு ஆகும் கேஸ் செலவு குறைவதுபோல.

இப்போது இதையே திருப்பிப் போடுங்கள். 10 கிலோ எடையுள்ள ஒரு பெரிய மீன் ஏரியிலிருந்து காணாமல் போகிறது. அந்த இடத்தை ஒரு கிராம் எடையுள்ள 10,000 குட்டி உயிர்கள் பிடிக்கின்றன. மொத்த எடை அதே 10 கிலோதான். ஆனால், அந்தக் கணக்குப்படி 10,000 குட்டி உயிர்களுக்குத் தேவையான உணவும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட 10 மடங்கு!

இது தோராயக் கணக்குதான்; உயிரினத்துக்கு உயிரினம் கொஞ்சம் மாறும். ஆனால் விஷயம் புரிந்திருக்கும். ஏரியில் எத்தனை டன் உயிர்கள் இருக்கின்றன என்பது மட்டும் போதாது. அந்த எடை பெரிய உடம்புகளில் இருக்கிறதா, சின்ன உடம்புகளில் சிதறிக் கிடக்கிறதா என்பதும் முக்கியம்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. பெரிய மீன் என்பது வங்கியில் போட்ட ஃபிக்சட் டெபாசிட் மாதிரி. தான் சாப்பிட்ட பாஸ்பரஸ், நைட்ரஜன் போன்ற சத்துகளை வருஷக்கணக்கில் உடம்பில் பூட்டி வைத்திருக்கும். பாசி போன்ற நுண்ணுயிர்கள் சட்டைப் பையில் இருக்கும் சில்லறை மாதிரி. சில நாட்களில் செத்து, அந்தச் சத்து மறுபடி தண்ணீருக்கே வந்துவிடும். அதைச் சாப்பிட்டு அடுத்த பாசி வளரும்.

தண்ணீர் சூடானால் என்ன நடக்கும்?

மனிதர்களுக்கு வெயில் அடித்தாலும் குளிர் அடித்தாலும் உடம்பின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ்தான். மீன், தவளை, பூச்சி, இறால் போன்றவற்றுக்கு அப்படி இல்லை. தண்ணீர் எவ்வளவு சூடோ, உடம்பும் ஏறக்குறைய அவ்வளவு சூடு. அதனால் தண்ணீர் சூடானால் அவற்றுக்கு இரண்டு பக்கமும் இடி.

முதல் இடி, செலவு கூடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால், இவற்றின் உடல் இயக்க வேகம் சுமார் 2 முதல் 3 மடங்கு ஆகும். சும்மா ஓரிடத்தில் நிற்பதற்கே அதிக ஆக்சிஜன் வேண்டும்.

இரண்டாவது இடி, வரவு குறைகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அதிகபட்சம் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 35 டிகிரியில் அது சுமார் 6.9 மில்லிகிராம்தான்.

அதாவது, செலவு இரட்டிப்பு, வரவில் ஆறில் ஒரு பங்கு கட். இந்தக் கணக்கில் யார் முதலில் திணறுவார்கள்?

பெரிய உடம்புக்கு ஏன் முதல் அடி?

ஒரு முழு உருளைக்கிழங்கையும், அதே அளவு கிழங்கைப் பொடியாக நறுக்கியும் வேக வைத்துப் பாருங்கள். நறுக்கியது சீக்கிரம் வெந்துவிடும். காரணம், சின்னத் துண்டுகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம்.

உயிர்களுக்கும் இதே கணக்குதான். உடம்பின் நீளம், அகலம், உயரம் மூன்றும் 2 மடங்கானால் எடை 8 மடங்காகும்; தோல் பரப்பு 4 மடங்குதான் ஆகும். தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை உள்ளே இழுப்பது ஒரு பரப்பு, அதாவது தோலோ செவுளோ. அதைச் செலவு செய்வது மொத்த உடம்பு. வெயில் ஏறும்போது பெரிய உடம்புக்குப் பற்றாக்குறை முதலில் வருகிறது என்பது ஒரு விளக்கம்.

இதை எல்லா விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை. "மீன் வளரும்போது செவுளும் தேவைக்கேற்ப வளரத்தானே செய்கிறது?" என்று உடலியல் ஆய்வாளர்கள் சிலர் கேட்கிறார்கள். காரணம் எது என்பதில் சண்டை இருக்கிறது. ஆனால், சூட்டில் வளரும் உயிர்கள் சின்ன உடம்போடு நின்றுவிடுகின்றன என்ற கவனிப்புக்குப் பலமான ஆதாரம் இருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

1847ல் கார்ல் பெர்க்மன் என்ற ஜெர்மானியர், குளிர்ப் பிரதேசங்களில் வாழும் விலங்குகள் வெப்பமான இடங்களில் வாழும் தங்கள் சொந்தக்கார இனங்களைவிடப் பெரிதாக இருக்கின்றன என்று எழுதினார். அவர் சொன்னது பறவை, பாலூட்டி போன்ற வெப்ப ரத்த விலங்குகள் பற்றி.

1994ல் டேவிட் அட்கின்சன் என்ற பிரிட்டன் ஆய்வாளர், குளிர் ரத்த உயிர்கள் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில், சூட்டில் வளர்ந்தவை வேகமாக வளர்ந்தன; ஆனால் சின்ன உடம்போடு பருவத்துக்கு வந்துவிட்டன. இதற்கு 'வெப்பநிலை - உடலளவு விதி' என்று பெயர்.

2012ல் வெளியான இன்னொரு ஆய்வு, நிலத்தையும் நீரையும் ஒப்பிட்டது. வெப்பநிலை 1 டிகிரி கூடினால், நீரில் வாழும் உயிர்களின் உடல் எடை சராசரியாக சுமார் 5 சதவீதம் குறைந்தது. நிலத்தில் வாழ்பவற்றில் சுமார் 0.5 சதவீதம்தான். பத்து மடங்கு வித்தியாசம்! காற்றில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை, தண்ணீரில் இருக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய காரணம்.

சின்னதாவது எப்படி? 3 வழிகள்

'சின்னதாகிறது' என்றால் வளர்ந்த மீன் வெயிலில் சுருங்கிவிடும் என்று அர்த்தமில்லை. 2009ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்.

1. ஒரே வயது, சின்ன உடம்பு: முன்பு 2 வயதில் இருந்த அளவைவிட இப்போது அதே 2 வயதில் சிறியதாக இருப்பது.

2. குட்டிகள் அதிகம், பெரியவர்கள் குறைவு: ஒரே இனத்துக்குள் வயதில் மூத்த, பெரிய மீன்களின் பங்கு குறைவது.

3. ஆளே மாறுவது: பெரிய இனங்கள் குறைந்து, இயல்பிலேயே சிறிய இனங்கள் அந்த இடத்தைப் பிடிப்பது.

மூன்றும் தனித்தனியாகவும் நடக்கும், ஒன்றாகவும் நடக்கும். நம்ம ஊர் ஏரிகளுக்கு மூன்றாவது ரொம்ப முக்கியம்.

ஏரிக்குள் யாருக்கு என்ன வேலை?

ஏரித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், சில சமயம் புள்ளி புள்ளியாக ஏதோ துள்ளுவது தெரியும். அதில் ஒரு வகை நீர்த்தெள்ளு. பூச்சி மாதிரி இருந்தாலும் இது இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். இதன் வேலை, தண்ணீரை வடிகட்டிப் பாசியைச் சாப்பிடுவது. ஏரியின் இலவச ஃபில்டர் என்றே சொல்லலாம்.

இந்த ஃபில்டரில் பெரியது, சின்னது இரண்டும் உண்டு. பெரிய நீர்த்தெள்ளு அதிகத் தண்ணீரை வடிகட்டும், பெரிய பாசியையும் விழுங்கும். சின்னதால் அது முடியாது.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிரிஸ்டல் ஏரி என்று ஒரு ஏரி. 1942ல் எடுத்த மாதிரியில் அங்கே பெரிய நீர்த்தெள்ளுகள் இருந்தன. பிறகு அந்த ஏரிக்குள் நுண்ணுயிர்களைத் தின்னும் ஒரு சிறிய மீன் இனம் வந்து சேர்ந்தது. 1964ல் மறுபடி பார்த்தபோது பெரியவை காணாமல் போய், குட்டி வகைகள்தான் மிச்சம். ஜான் புரூக்ஸ், ஸ்டான்லி டாட்சன் ஆகிய இருவரும் 1965ல் இதை வெளியிட்டார்கள். ஏரியில் எந்த சைஸ் மீன் இருக்கிறதோ, அதுதான் நீர்த்தெள்ளின் சைஸைத் தீர்மானிக்கிறது; நீர்த்தெள்ளின் சைஸ்தான் பாசியைக் கட்டுப்படுத்துகிறது.

இந்தச் சங்கிலியை நம்ம பக்கம் வைத்துப் பாருங்கள். விரால் போன்ற வேட்டையாடும் பெரிய மீன்கள் குட்டி மீன்களைத் தின்னும். குட்டி மீன்கள் நீர்த்தெள்ளைத் தின்னும். நீர்த்தெள்ளு பாசியைத் தின்னும். மேலே இருக்கும் பெரிய மீன் குறைந்தால் குட்டி மீன் பெருகும். நீர்த்தெள்ளு குறையும். பாசிக்குக் கொண்டாட்டம்.

வெப்ப நாடுகளில் குட்டி மீன்கள் வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கின்றன. அதனால் இங்கே பெரிய நீர்த்தெள்ளுகளுக்கு ஏற்கெனவே கஷ்டகாலம்தான். குளிர் நாட்டு ஏரிகளில் பெரிய மீன்களை விட்டுப் பாசியைக் குறைத்த முறை, நம்ம ஊரில் அதே அளவுக்குப் பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாசி பெருகினால் நமக்கு என்ன?

செம்பரம்பாக்கத்தில் நாள் ஒன்றுக்கு 53 கோடி லிட்டர் தண்ணீரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்ட நிலையம் இருக்கிறது. சென்னையின் குடிநீரில் கணிசமான பங்கு அங்கிருந்து வருகிறது. ஏரியில் பாசி அதிகமானால் ஃபில்டர்கள் சீக்கிரம் அடைக்கும். மண்வாசனை மாதிரி ஒரு நாற்றம் வரலாம். சுத்திகரிப்புச் செலவு கூடும். இது உலகம் முழுக்க ஏரித் தண்ணீரை நம்பியிருக்கும் எல்லா நகரங்களுக்கும் உள்ள பிரச்சினை.

பாசிகளிலும் நீலப்பச்சைப் பாசி என்ற வகைதான் சிக்கலானது. இதில் பல இனங்கள் 25 டிகிரிக்கு மேல்தான் நன்றாக வளரும். சில இனங்கள் நஞ்சையும் உண்டாக்கும். வெயிலும் சாக்கடையும் சேர்ந்தால் இதற்கு விருந்துதான்.

மீனுக்கும் ஆபத்து இருக்கிறது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவே ஆக்சிஜனை இழுக்கும். அதனால் ஆக்சிஜன் மிகவும் குறைவாக இருப்பது விடியற்காலையில். பாசி மண்டிய குட்டைகளில் காலை நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பதை மீன் வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். விரால், கெளுத்தியில் சில வகைகள் நேரடியாகக் காற்றைச் சுவாசித்துத் தப்பிக்கும். கட்லா, ரோகு போன்ற கெண்டை வகைகளுக்கு அந்த வசதி இல்லை.

இங்கிலாந்தில் சூடேற்றிய குளங்கள்

வெயிலின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியுமா? முடியும். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஆய்வாளர்கள் 20 செயற்கைக் குளங்களை அமைத்தார்கள். 10 குளங்களை இயல்பாக விட்டு, மற்ற 10 குளங்களை 4 டிகிரி அதிக வெப்பத்தில் வைத்திருந்தார்கள்.

2011ல் வெளியான முடிவு: சூடான குளங்களில் மிதக்கும் பாசிகளின் சராசரி உடலளவு வெகுவாகச் சிறியதாகிவிட்டது. 2017ல் வந்த தொடர் ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. சில வருஷங்கள் தொடர்ந்து சூடாக்கப்பட்ட குளங்கள் கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுக்கும் திறனில் ஏறக்குறைய பாதியை இழந்தன. அவை வெளியிட்ட மீத்தேன் ஏறக்குறைய இரு மடங்கானது.

மீத்தேன் பூமியை மேலும் சூடாக்கும் வாயு. அதாவது வெயிலால் குளம் மாறுகிறது, மாறிய குளம் வெயிலைக் கூட்டுகிறது.

2019 ஞாபகம் இருக்கிறதா?

2019 கோடையில் செம்பரம்பாக்கம் உட்பட சென்னையின் முக்கிய ஏரிகள் வறண்டு, பாளம் பாளமாக வெடித்த படங்களை உலகமே பார்த்தது. நாம் அதைக் குடிநீர்ப் பஞ்சமாகத்தான் பார்த்தோம். ஏரிக்குள் நடந்தது இன்னொன்று.

ஏரி வற்றினால் பெரிய மீன்களுக்குப் போக்கிடம் இல்லை. ஆனால் நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர்கள் காய்ந்த சேற்றிலேயே முட்டையாகத் தூங்கும். மழை வந்து தண்ணீர் நின்றால் சில நாட்களில் எழுந்துவிடும். பாசி அதைவிட வேகம். பிறகு குட்டி மீன்கள். பெரிய மீன்கள் பழைய அளவுக்கு வளர வருஷங்கள் ஆகும். அதற்குள் அடுத்த வறட்சி வந்தால் மறுபடி முதல்லேருந்து.

ஆக, கொளுத்தும் கோடையும் வறட்சியும் அடிக்கடி வந்தால், ஏரி ஒவ்வொரு முறையும் 'சின்ன உடம்பு' நிலைக்கே திரும்பித் தள்ளப்படும். மழையில் ஏரி நிரம்பிவிடும். உள்ளே இருந்த வாழ்க்கை அதே வேகத்தில் நிரம்பாது.

இந்த மாதிரி நேரத்தில் ஜெயிப்பது ஜிலேபி மீன். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தத் திலேப்பியா மீன், 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குஞ்சுகளை வாயில் வைத்தே காப்பாற்றும். நெருக்கடியான குட்டையில் பெரிதாக வளரக் காத்திருக்காமல், சில மாதங்களிலேயே கை நீளம்கூட இல்லாத உடம்போடு இனப்பெருக்கம் செய்ய ஆரம்பித்துவிடும். கூட்டம் கூடக்கூட சைஸ் இன்னும் குறையும். வலையை இழுத்தால் எடை நிறைய வரும். ஆனால் விற்கிற சைஸ் இருக்காது.

கொசுவும் சின்னதாகுமா?

ஆகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் சூடான தண்ணீரில் வேகமாக வளர்ந்து, சின்ன கொசுவாக வெளியே வருகின்றன. "சின்ன கொசுதானே, நல்லதுதானே?" என்று தோன்றலாம். அப்படி இல்லை. சின்ன கொசு ஒரே தடவையில் குறைவாகத்தான் ரத்தம் குடிக்கும். முட்டையிடத் தேவையான சத்துக்காக ஒன்றுக்கு மேற்பட்ட முறை கடிக்க வேண்டி வரலாம். எத்தனை பேரைக் கடிக்கிறதோ, நோய் பரவ அத்தனை வாய்ப்பு.

ஏடிஸ் ஏரியில் வளர்வதில்லை, வீட்டுப் பக்கம் தேங்கும் தண்ணீரில்தான். ஆனால் மற்ற கொசுக்களின் புழுக்களைக் குளம் குட்டைகளில் தின்று தீர்ப்பது மீன்களும் தும்பிகளின் இளம் பருவமும்தான். அங்கேயும் வேட்டையாடும் உயிர்கள் குறைந்தால் லாபம் கொசுவுக்கு.

காசிமேட்டில் என்ன மாற்றம்?

ஏரியிலிருந்து கடலுக்கு வருவோம். மாங்காடு மார்க்கெட்டுக்குக் காசிமேட்டுப் பக்கத்திலிருந்தும் கடல் மீன் வருகிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 1951 முதல் 2015 வரை சராசரியாக சுமார் 1 டிகிரி உயர்ந்திருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது.

சென்னைக் கடலில் இதன் தாக்கத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி விவேகானந்தனும் சக ஆய்வாளர்களும் 2009ல் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது சங்கரா என்ற பெயரில் விற்கப்படும் சிவப்பு மீன்களில் ஒரு குடும்பம். 1980களின் தொடக்கத்திலிருந்து 2000களின் தொடக்கம் வரையிலான தகவல்களை ஒப்பிட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சூடான மாதங்களில் முட்டையிடும் மீன்களின் பங்கு குறைந்துகொண்டே வந்திருந்தது. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த மாதங்களில் அது கூடியிருந்தது. மீன்கள் சூட்டுக்குப் பயந்து காலண்டரையே மாற்றிக்கொண்டன.

இதில் ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். ஒரு மீன் குடும்பத்தை மட்டும் வைத்துத் தடைக்காலத்தை மாற்ற முடியாது. ஆனால் மற்ற மீன்களும் இப்படி மாறுகின்றனவா என்று தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தடைக்காலத்தில் வருமானம் இல்லாமல் கரையில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பதில் முக்கியம்.

உடல் அளவும் இதில் சேர்கிறது. பெரிய தாய் மீன் ஒன்று பல சின்ன மீன்களுக்குச் சமம். 2018ல் வந்த ஓர் ஆய்வு அட்லாண்டிக் காட் மீனை வைத்து இதை விளக்கியது. 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு தாய் மீன் இடும் முட்டைகள், தலா 2 கிலோ எடையுள்ள 28 மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம். 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ என்பதைக் கவனியுங்கள். மொத்தப் பிடிப்பின் எடை குறையாவிட்டாலும், பெரிய மீன் குறைந்தால் அடுத்த வருஷத்து மீன் குறைகிறது.

அப்படியானால் எல்லாத்துக்கும் வெயில்தான் காரணமா?

இல்லை. இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். மீன் சின்னதாக இருந்தால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

வலை: பெரிய மீனைத்தான் முதலில் பிடிக்கிறோம். சின்ன கண்ணி வலை வளராத குஞ்சுகளையும் வாரிவிடும்.

நெரிசல்: 2024-25ல் கேரளக் கடலில் மத்தி மீன் ஏராளமாகக் கிடைத்தது, ஆனால் வளராமல் சின்னதாகவே இருந்தது. மழைக்காலம் சாதகமாக இருந்ததால் குஞ்சுகள் மிக அதிகமாகப் பெருகி, உணவுக்குப் போட்டி ஏற்பட்டதை ஆய்வாளர்கள் காரணமாகச் சொன்னார்கள். அதே கேரளாவில் 2012ல் சுமார் 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021ல் 3,297 டன்னாகச் சரிந்ததும் நடந்தது. கடல் ஒரே காரணத்துக்கு ஆடுவதில்லை.

கழிவுநீர்: ஏரிகளில் வெயிலைவிட உடனடி வில்லன் சாக்கடைதான். அது பாசிக்கு உரம். மக்கும்போது ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

வெயில் இவற்றோடு சேர்ந்து வேலை செய்கிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் ஏரிக்கு, வெயில் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. வெயிலை மாங்காட்டில் உட்கார்ந்து குறைக்க முடியாது. ஆனால் மற்ற காரணங்களைக் குறைக்க முடியும். அப்படிக் குறைத்தால் அதே வெயிலை ஏரி இன்னும் நன்றாகத் தாங்கும்.

என்ன செய்யலாம்?

* கழிவுநீர் ஏரிக்குள் கலப்பதைத் தடுப்பதுதான் முதல் வேலை. பாசிக்குச் சாப்பாடு குறைந்தால், சூடு ஏறினாலும் அது கண்டபடி பெருகாது.

* தூர்வாரும்போது ஏரி முழுவதையும் தட்டு மாதிரி சமமாக்காமல், சில இடங்களில் ஆழமான மடுக்களை விட்டுவைக்கலாம். கோடையில் தண்ணீர் கடைசியாக நிற்கும் இடம் அதுதான். பெரிய மீன்கள் தப்பிப் பிழைத்தால் அங்கேதான்.

* கரையோர மரங்களும் நாணல் போன்ற செடிகளும் நிழல் தரும். கரையைச் சுற்றிலும் கான்கிரீட் போட்டுவிட்டால் அந்த வசதி போய்விடும்.

* மீன் பிடிக்கும்போது பெரிய தாய் மீன்களில் கொஞ்சத்தையாவது விட்டுவைக்கும் வழக்கம் நல்ல முதலீடு.

* வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்துப்போன டேங்க் கிளீனர் மீனை ஏரியில் விடாதீர்கள். சென்னைப் பக்கத்து நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பரவிக்கிடக்கிறது.

* ஏரியைக் கண்காணிக்கும்போது நீர்மட்டத்தோடு வெப்பநிலை, விடியற்காலை ஆக்சிஜன் அளவு, பிடிபடும் மீன்களின் நீளம் ஆகியவற்றையும் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். நீளத்தை அளக்க ஒரு ஸ்கேல் போதும்.

ஏரிக்கரையில் நீங்கள் எதைக் கவனிக்கலாம்?

காலை வாக்கிங் போகும்போது மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவா? தண்ணீர் பெயின்ட் கொட்டியது போலப் பச்சையாக இருக்கிறதா? பிடிபடும் மீன்கள் எல்லாமே உள்ளங்கை சைஸில்தான் இருக்கின்றனவா? இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால், ஏரிக்கு மூச்சுத் திணறல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தேதியோடு போட்டோ எடுத்து, உங்கள் நகராட்சிக்கோ நீர்வளத்துறைக்கோ மீன்வளத்துறைக்கோ தெரியப்படுத்துங்கள். மீன்கள் செத்து மிதந்த பிறகு தெரிவிப்பதைவிட இது மேல்.

சுருக்கமாக...

* தண்ணீர் சூடானால் உயிர்களின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது, கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. பெரிய உடம்புகளுக்குத்தான் முதல் சிக்கல்.

* சிறிய உயிர்கள் அந்த இடத்தைப் பிடித்தால், அதே எடைக்கு அதிக ஆற்றல் செலவாகிறது. சத்துகள் தண்ணீரில் வேகமாகச் சுழல்கின்றன. பாசி பெருக வழி கிடைக்கிறது.

* குடிநீர்ச் சுத்திகரிப்பு, மீன்பிடித் தொழில், கொசுக் கட்டுப்பாடு என எல்லாவற்றிலும் இதன் தாக்கம் வரலாம்.

* வெயில் மட்டுமே காரணம் இல்லை. கழிவுநீரும், வலையும், வறட்சியும் சேர்ந்தே இதைச் செய்கின்றன. அவற்றில் சிலவற்றைச் சரிசெய்வது நம் கையில்தான் இருக்கிறது.